முன்னூற்றுப் பன்னிரண்டு கட்டைகளும் ஒரு பல் டாக்டரும்

“நான் வெட்டின மரம் துளிர்க்கிறப்போ சத்தம் போடும். ‘டப்’புனு வெடிக்கும். காது இருக்கிறவங்க கேட்டுக்கலாம்.”

மரவெட்டு மேஸ்திரி இதைச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மூன்றாவது அவித்த முட்டையை உரித்துக்கொண்டே. யாரும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தால் அந்தக் குடும்பம் எப்போதோ பட்டினியில் போயிருக்கும்.

“வாசல் மணி அடிச்சா கேட்காது. குக்கர் விசில் கேட்காது. நான் கூப்பிட்டா சுத்தமா கேட்காது” என்றாள் அவர் மனைவி, தட்டைப் பார்த்தபடியே. “மரம் துளிர்க்கிறது மட்டும் கேட்குதாம்.”

“அதெல்லாம் சின்னச் சத்தம்டி. இது வேற.”

மேசையின் மறுமுனையில் பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். மகளின் மாமனார், மேஸ்திரியைப் போலவே ஓய்வு பெற்றவர். மேஸ்திரியைப் போல என்று சொல்லக்கூடியது அவரிடம் அந்த ஒன்றுதான். வார்த்தையைக் கூட எண்ணித்தான் செலவழிப்பார். வாயில் போட்டதை முப்பத்திரண்டு தடவை மென்று முடித்த பிறகுதான் பதில் வரும்.

“சம்பந்தி, முப்பத்தெட்டு வருஷத்துல பதினோராயிரம் பல்லு பிடுங்கியிருக்கேன். பிடுங்கின இடத்துல ஒண்ணாவது திரும்ப முளைச்சு ‘டப்’புனு சத்தம் போட்டதா சரித்திரம் இல்ல.”

“நீங்க வேரோட பிடுங்கிட்டீங்க, சம்பந்தி. நான் வேரை விட்டுட்டு வெட்டுறவன். ஒரு லட்சத்து இருபதாயிரம் மரம் வெட்டியிருக்கேன், நாப்பத்தொரு வருஷத்துல. ஒண்ணுகூடச் சாகல.”

பல் டாக்டர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். கை துடைக்கிற காகிதத்தில் பெருக்கி வகுத்தார். “நாளுக்கு எட்டு மரம். ஞாயித்துக்கிழமை, காய்ச்சல், உங்க கல்யாண நாள் எதையும் விடாம.”

“கல்யாண நாள் அன்னிக்குப் பத்து” என்றார் மேஸ்திரி.

மகள் சிரிக்கவில்லை. நகரத்தின் மரக்காட்டுக்கு அவள்தான் அதிகாரி. அப்பாவின் வாயை நம்பி அவள் வைத்திருந்த பந்தயம் சின்னதல்ல.

பஸ் டிப்போவை ஒட்டி இருந்தது அந்தக் காடு. வெட்டி எடுப்பதற்கென்றே நட்ட காடுதான், ஆனால் முப்பது வருஷமாக யாரும் கத்தி வைக்கவில்லை. வெட்டாமல் விட்டால் காடு வாழும் என்று ஊரே நினைத்தது. காடோ தலைமுடி வெட்டாத ஆள் மாதிரி ஆகிவிட்டது: நெருக்கியடித்து, வெளிச்சம் இல்லாமல், ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டு, காற்றடித்தால் ரோட்டில் கிளையைப் போட்டுக்கொண்டு. அந்த மரத்துக்குப் புத்தகத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. வேலைக்காரர்கள் கோல்மரம் என்பார்கள். நகரசபைக் குழு கூடி, முழுக்கப் பிடுங்கிவிட்டு பஸ் நிறுத்த இடம் போடலாம் என்று முடிவெடுக்க இருந்த நேரத்தில்தான் மகள் எழுந்து நின்றாள்.

“கரும்பை வெட்டினா அடியிலேருந்து மறுதாம்பு கிளம்புதில்ல, அதே மாதிரிதான் இந்த மரமும்” என்றாள். “அடியோட வெட்டணும், வேரைத் தொடக்கூடாது. பட்டைக்குள்ள மொட்டு தூங்கிட்டு இருக்கு, அது எழுந்துக்கும். காட்டைப் பன்னெண்டு பங்கா பிரிச்சுக்குவோம், வருஷத்துக்கு ஒரு பங்கு வெட்டுவோம். பன்னெண்டாவது பங்கை வெட்டி முடிக்கிறப்போ முதல் பங்கு வெட்டத் தயாரா நிக்கும். வேலிக்குக் கம்பு, மண்வெட்டிக்குப் பிடி, பள்ளிக்கூடக் கொதிகலனுக்கு விறகு, எல்லாம் காலத்துக்கும் வரும். ஒரு கன்னு கூட நட வேண்டாம்.”

“யார் சொன்னது?” என்று கேட்டாள் குழுத் தலைவி.

“எங்கப்பா.”

அந்த ஊரில் மேஸ்திரியை அறியாதவர் இல்லை. அவருக்கு ‘அளப்பு மேஸ்திரி’ என்றுதான் பெயரே. அளப்பது மரத்தை அல்ல என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். தலைவி உதட்டைச் சுழித்தாள். கடைசியில் ஒரு தீர்மானம் போட்டார்கள். ஒரு பங்கை மட்டும் வெட்டிப் பார்ப்பது. வெட்டிய நூறாவது நாள் காலை பத்து மணிக்கு, அடிக்கட்டைகளில் பாதிக்காவது உயிர் இருந்தால் காடு முழுக்க மகள் கைக்கு. இல்லையென்றால் அன்றைக்கே புல்டோசர். உயிர் இருக்கிறதா இல்லையா என்று எழுதிக் கொடுப்பதற்கு ஊரிலேயே பொய் சொல்லாத ஆள் ஒருவர் வேண்டும். எல்லோரும் பல் டாக்டரைக் காட்டினார்கள். மகளின் மாமனார் ஆயிற்றே என்று ஒருவர் இழுத்தார். “அவரா? சொந்தப் பிள்ளையோட சொத்தைப் பல்லையே கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்டுக்கு எழுதிக் கொடுத்தவர்” என்றாள் தலைவி. பேச்சு அத்தோடு நின்றது.

மரங்கள் இலையை உதிர்த்து மொட்டையாக நின்ற மாதத்தில் வெட்டு நடந்தது. ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆன மேஸ்திரி, வேலை செய்யவே கூடாது, ஓரமாக உட்கார்ந்து யோசனை மட்டும் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்து, அரைமணி நேரத்தில் ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டார். அவர் வெட்டுகிற அழகைப் பார்க்க டிப்போவிலிருந்து டிரைவர்கள் வந்து நின்றார்கள். பஸ்கள் ஆறு மணி நேரம் தாமதம் என்று பிற்பாடு மேஸ்திரி சொன்னார். பத்து நிமிஷம் என்று டிப்போக்காரர்கள் சொன்னார்கள்.

“தரையிலேருந்து நாலு விரக்கடை. அதுக்கு மேல விட்டா துளிர் காத்துல பிச்சுக்கும்” என்று அவர் பாடம் எடுத்துக்கொண்டே போனார். “சாய்ச்சு வெட்டு. மழைத்தண்ணி வழிஞ்சு ஓடணும், தேங்கினா கட்டை அழுகும். பட்டை கிழியக்கூடாது. பட்டைதான்டா மரத்தோட கருப்பை!”

ஏழு நாளில் முன்னூற்றுப் பன்னிரண்டு மரம் விழுந்தது. கம்புகள் லாரியில் போயின. தரையில் முன்னூற்றுப் பன்னிரண்டு கட்டைகள் சாய்ந்த முகத்தோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. முப்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த மண்ணில் வெயில் விழுந்தது.

பல் டாக்டர் வந்து பார்த்தார். சுற்றிலும் கம்பி வேலி போடச் சொன்னார், கதவுக்குப் பூட்டுப் போடச் சொன்னார், சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“ஆடு மாடு வராம இருக்கத்தானே?” என்றார் மேஸ்திரி.

“நீங்க வராம இருக்க. உங்களை உள்ள விட்டா, பச்சைக் குச்சியைக் கட்டையில சொருகிட்டு துளிர்த்துடுச்சும்பீங்க.”

மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த யோசனை அவருக்கு முந்தின நாளே வந்திருந்தது.

அதோடு விட்டாரா? எண்ணிக்கையில் குழப்பம் வரக்கூடாது என்று ஒவ்வொரு கட்டைக்கும் நம்பர் போட வேண்டும் என்றார். மனிதர் ஆயுசு முழுக்க வாய்க்குள்ளேயே எண்ணியவர். பல்லுக்கு எப்படியோ அப்படியே கட்டைக்கும்: மேல் வலது, மேல் இடது, கீழ் இடது, கீழ் வலது என்று நாலு பகுதி, பகுதிக்கு எழுபத்தெட்டு. வரைபடம் போட்டு பெயிண்டர் கையில் கொடுத்து, “நம்பர் பளிச்சுனு தெரியணும்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மகள் அந்த நேரம் பத்து நாள் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாள்.

அந்த பெயிண்டர் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யாத மனுஷன். பச்சை மரத்தில் நம்பர் எழுதுவதாவது! முதலில் பட்டையைத் துடைத்தார். அப்புறம் நீச்சல்குளக் கம்பிக்கு அடித்தது போக மிச்சமிருந்த வெள்ளை எனாமலை எடுத்து, ஒவ்வொரு கட்டைக்கும் மண்ணைத் தொடும் வரை சுற்றிலும் மூன்று கை அடித்தார். அது காய்ந்த பிறகு மேலே கறுப்பில் நம்பர். மிச்சம் இருந்த பெயிண்டை வீணாக்க மனசு வராமல் கதவுக் கம்பத்துக்கும் ஒரு பூச்சு.

மறுநாள் மேஸ்திரி வேலிப் பக்கம் வந்தார். முன்னூற்றுப் பன்னிரண்டு வெள்ளைக் கட்டைகள் வெயிலில் பளபளத்தன. பூமியே வாயைப் பிளந்து சிரிக்கிற மாதிரி இருந்தது. மேஸ்திரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் பஸ் டிப்போவே ஆடியது என்பது அவர் கட்சி.

“சம்பந்தி! கட்டைக்கு இரும்புக் கவசம் போட்டு வச்சிருக்கீங்களே! மொட்டு எந்த வழியா வெளிய வரும்?”

பல் டாக்டர் வேகமாக நடந்து வந்து பார்த்தார். “நம்பர்தான் போடச் சொன்னேன்” என்றார் மெதுவாக.

“பல்லுக்கு உறை போட்ட புத்தி எங்க போகும்?”

“சுரண்டிடலாமா?”

சேதி கேட்டு, பயிற்சியைப் பாதியில் விட்டு ஓடி வந்த மகள்தான் தடுத்தாள். குனிந்து ஒரு கட்டையைத் தடவிப் பார்த்தாள். பெயிண்ட் பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. “சுரண்டினா பட்டையும் போகும், மொட்டும் போகும். தொடாதீங்க மாமா.” அவள் குரல் சரியாக இல்லை. “மொட்டு அதுவா முட்டிக்கிட்டு வந்தாத்தான் உண்டு.”

“தப்பு என்னோடதும்மா” என்றார் பல் டாக்டர். “ஆனா முன்கூட்டியே சொல்லிடறேன். நூறாவது நாள் பாதிக்குக் கீழ இருந்தா, இல்லன்னுதான் எழுதுவேன்.”

“தெரியும் மாமா.”

அன்று முதல் மேஸ்திரியின் நாக்குக்கும் வயிற்றுக்கும் சண்டை. நாக்கு ஊர் முழுக்கச் சுற்றியது. முடி வெட்டும் கடையில், “பெயிண்ட் என்ன பெயிண்ட், சிமெண்ட் ரோட்டையே பிளந்துட்டு வந்த மரம் நம்முடையது. ஒரு தடவை துளிர் கிளம்பின வேகத்துல என் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிட்டுப் போய் உச்சியில மாட்டிடுச்சு, ஏணி வச்சு எடுத்தேன்” என்றது. வயிறோ வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டைத் திருப்பி அனுப்பியது. முப்பதாம் நாள் போயிற்று. அறுபதாம் நாள் போயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம், வெட்டாத மரமெல்லாம் இலை விட்டுப் பச்சைக் குடை பிடித்தது. இந்தப் பக்கம் வெள்ளைப் பற்கள் அப்படியே இருந்தன. எண்பதாம் நாளும் போயிற்று.

தொண்ணூற்றேழாம் நாள் காலையில் மனைவி அவரை நேராகவே கேட்டாள். “உண்மையைச் சொல்லுங்க. துளிர்க்கிறப்போ சத்தம் வருமா?”

சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். இவளிடம் பொய் சொல்லி ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

“முப்பது வருஷம் முன்னாடி, மழையில நனைஞ்சுக்கிட்டு என் ஆளுங்க முகத்தைத் தூக்கி வச்சிட்டு உட்கார்ந்திருந்தாங்க. சிரிக்க வைக்கலாமேன்னு சொன்னேன். சிரிச்சாங்க. அப்புறம் விட முடியல.”

“நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க.”

“துளிர்க்கும்டி. அது பொய் இல்ல. சத்தம் வேணா பொய். துளிர் சத்தியம்” என்றார் மேஸ்திரி. “ஆனா இந்த பெயிண்ட்…”

அவர் வாக்கியம் ஒன்று பாதியில் நின்றதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

நூறாவது நாள் காலை ஏழே காலுக்கே மேஸ்திரி கதவருகில் நின்றிருந்தார். முந்தின சாயங்காலமே புல்டோசரைக் கொண்டுவந்து தெருவோரமாக நிறுத்தியிருந்தார்கள். மஞ்சள் நிறம், பெரிய தாடை. மேஸ்திரி அதை முறைத்தார். அதுவும் முறைத்தது. ஏழரைக்குப் பல் டாக்டர் மடக்கு நாற்காலி, வரைபடம், பென்சிலோடு வந்து சேர்ந்து பூட்டைத் திறந்தார். இருபது நிமிஷத்தில் நாலு பகுதியையும் சுற்றி வந்தார்கள். ஒரு பச்சை இல்லை.

பல் டாக்டர் கீழ் வலது பதினான்காம் நம்பர் கட்டைக்குப் பக்கத்தில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். வரைபடத்தில் எல்லாக் கட்டங்களும் காலி. சூரியன் டிப்போ கூரையைத் தாண்டி எட்டிப் பார்த்து, ஈர மண்ணில் வெயில் நீளமாக விழுந்தது.

திடீரென்று பல் டாக்டர் கையை உயர்த்தினார். “சத்தம் போடாதீங்க.”

“நான் ஒண்ணும் பேசலையே!”

“அதான் எனக்கும் ஆச்சரியம். வேற என்னமோ சத்தம்.”

அவர் காதிலிருந்த கருவியைக் கழற்றினார். முப்பத்தெட்டு வருஷம் பல்லைக் குடையும் மிஷினின் கீச்சுச் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது மந்தமாகி, போன வருஷம்தான் வாங்கி மாட்டியது. விலை உயர்ந்த சாமான், எறும்பு தும்மினால் கேட்கும் என்று கடைக்காரன் சொன்னானாம். ஊதினார். துடைத்தார். திரும்ப மாட்டி, திருகைக் கூட்டினார். மேஸ்திரிக்கும் நாற்பத்தொரு வருஷ ரம்பத்தில் காது போனதுதான். ஆனால் கருவி மாட்டினால் கிழவன் என்பார்களாம், அதனால் மாட்ட மாட்டார். இப்போது அவருக்குக் கேட்டதெல்லாம் அவர் நெஞ்சு அடிக்கிற அடி மட்டும்தான்.

பல் டாக்டரின் முகம் மாறியது. கண் விரிந்தது. வாய் மெல்லத் திறந்தது. நாற்காலியிலிருந்து இறங்கி, இஸ்திரி போட்ட கால்சட்டையோடு ஈர மண்ணில் மண்டியிட்டு, கட்டையை நோக்கிக் குனிந்தார். வெள்ளைப் பெயிண்டில் ஒரு இடம் அரிசி அளவுக்குப் புடைத்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கீறியது. ஒரு சில்லு தெறித்து அவர் மூக்குக் கண்ணாடியில் ‘டிங்’கென்று அடித்துவிட்டு விழுந்தது. கீறலுக்குள்ளிருந்து, ஈறைக் கிழித்துக்கொண்டு வரும் முதல் பல் மாதிரி, சிவந்த முனை ஒன்று எட்டிப் பார்த்தது.

“அய்யய்யோ!” என்றார் பல் டாக்டர்.

“என்ன? என்ன? கடிச்சிடுச்சா?”

“முளைக்குது!”

மேஸ்திரி குதித்த குதியில் மண்ணில் ஒரு முழக் குழி விழுந்தது. விழவில்லை என்று யாரும் இதுவரை நிரூபிக்கவில்லை. அவர் ஓடினார், குனிந்தார், அடுத்த கட்டையைத் தடவினார். “இங்க! இங்கயும் புடைச்சிருக்கு! சம்பந்தி, இது நிறைமாசம்!” பத்து கட்டைக்கு ஒன்றில் பெயிண்ட் கீறியிருந்தது, மற்றவையெல்லாம் புடைத்தும் புடைக்காமலும் முழு வெள்ளையாகவே இருந்தன. நூறு நாளாக உள்ளே கூடிக் கூடி நின்ற மொட்டுகள் வெயில் சூட்டில் இப்போதுதான் தோளைக் கொடுத்து முட்டத் தொடங்கியிருந்தன. ஆனால் பத்து மணிக்குள் பாதி வெளியே வருமா?

பல் டாக்டர் அடுத்த கட்டையின் மேல் காதை வைத்துப் படுத்திருந்தார். பெயிண்ட் கீறாத கட்டை. மெல்ல நிமிர்ந்தார்.

“உள்ள சத்தம் வருது” என்றார் தனக்குத்தானே. உடனே முகத்தைச் சுளித்தார். “இருங்க. வெயில்ல பெயிண்ட் சூடானாலும் சத்தம் வரும். அது துளிர் இல்ல.”

மேஸ்திரிக்கு அழுகை வந்தது. “இப்பப் போய் ஆராய்ச்சியா, சம்பந்தி!”

பல் டாக்டர் எழுந்து நேராகக் கதவுக் கம்பத்துக்குப் போனார். அதே மரத்தில் செய்தது, செத்துக் காய்ந்த கம்பம், அதே பெயிண்ட், அதே வெயில். காதை ஒட்டி வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றார். அந்த ஐந்து நிமிஷத்தில் மேஸ்திரிக்கு ஐந்து வயது கூடியது. டிப்போவுக்கு வேலைக்குப் போன இரண்டு பேர், கம்பத்தைக் கட்டிப்பிடித்து நிற்கும் டாக்டரைப் பார்த்துவிட்டு வேகமாக நடையைக் கட்டினார்கள்.

“கம்பத்துல சத்தமே இல்ல” என்றார் பல் டாக்டர் திரும்பி வந்து. “செத்த மரம் வாயை மூடிட்டு இருக்கு. கட்டைதான் பேசுது.” மணியைப் பார்த்தார். “எட்டு ஆகுது. ஒரு கட்டைக்கு இருபது செகண்ட். வாங்க!”

அப்புறம் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். எழுபது வயது பல் டாக்டர் கட்டைக்குக் கட்டை மண்டியிட்டுத் தாவினார். “மேல் வலது ஒண்ணு, கண்ணால! மேல் வலது ரெண்டு, காதால! மூணு… மூணு… இல்ல, விடுங்க, அடுத்தது!” சைக்கிளில் வந்து இறங்கிய மகள் ஒரு நொடி வாயைப் பிளந்து நின்றாள். அப்புறம் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து வரைபடத்தை வாங்கிக் குறிக்கத் தொடங்கினாள். மேஸ்திரி முன்னால் ஓடி, கட்டை மேல் விழுந்திருந்த சருகைத் தள்ளிவிட்டு, டாக்டரின் முழங்காலுக்குத் தன் சட்டையைக் கழற்றி விரித்து, அடுத்ததற்கு அதை இழுத்துக்கொண்டு ஓடினார்.

“அப்பா, சட்டை!”

“சட்டை கெடக்குது, நீ எழுதும்மா!”

மேல் வலது முடிந்தது. மேல் இடது முடிந்தது. கீழ் இடதில் பாதி போனபோது பல் டாக்டருக்கு மூச்சு வாங்கியது. மேஸ்திரி அவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கி அடுத்த கட்டையில் இறக்கி வைத்தார். நடுவில் ஒரு கட்டையின் மேல் மேஸ்திரியும் ஆசையாகக் காதை வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கையை வைத்தார். ஏதோ மெலிசாக அதிர்ந்த மாதிரி இருந்தது. தன் கை நடுக்கமோ என்னவோ. “எப்படி இருக்கு, சம்பந்தி, சத்தம்?” என்று கேட்டார். டாக்டருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. “நாப்பத்தாறு, காதால!” என்று கத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்.

சரியாகப் பத்து மணிக்குக் குழுத் தலைவி மூன்று உறுப்பினர்களோடு கதவைத் தாண்டி வந்தாள். பின்னாலேயே புல்டோசர்க்காரர் ஏறி உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பிவிட்டார். கடகடவென்று காடே அதிர்ந்தது. வந்தவர்கள் கண்டது இதுதான்: பனியனோடு ஒரு மேஸ்திரி, தலையிலிருந்து கால் வரை சேறு பூசிய ஒரு பல் டாக்டர், கண் கலங்கிச் சிரிக்கும் ஒரு வன அதிகாரி. கட்டைகளில் பெரும்பாலும் வெள்ளை.

தலைவி வரைபடத்தை வாங்கிக் கூட்டிப் பார்த்தாள். “வேண்டியது நூத்தியம்பத்தாறு. இங்க நூத்தி அறுபத்தொண்ணு போட்டிருக்கு. ‘கண்ணால்’ முப்பத்தொண்ணு, சரி, தெரியுது. ‘காதால்’ நூத்தி முப்பது. இது என்ன டாக்டர்?”

பல் டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அது இன்னும் அழுக்கானது.

“உயிர் இருக்கும்மா” என்றார்.

“எப்படித் தெரியும்? துளிர் எங்க?”

“உள்ள இருக்கு.”

“உள்ள இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பல் டாக்டர் மேஸ்திரியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பதினோராயிரம் பல்லுக்காக ஊரார் வாயைத் திறக்கச் சொன்ன மனிதருக்குத் தன் வாயைத் திறக்க வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேசையில் அத்தனை பேர் முன்னால் ‘சரித்திரம் இல்ல’ என்று சொன்னது அவரேதான்.

தலைவி பேனாவை மூடினாள். “டாக்டர், தீர்மானத்துல உங்க வார்த்தைதான் கடைசி. நீங்க இத்தனை பேர் முன்னாடி விளக்கமா சொன்னா நூத்தி அறுபத்தொண்ணுன்னு கையெழுத்துப் போடறேன், காடு உங்க மருமகளுக்கு. இல்லன்னா முப்பத்தொண்ணுதான்.” புல்டோசர்க்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

பல் டாக்டர் ஏதோ முணுமுணுத்தார்.

“என்ன சொல்றார்?” என்றாள் தலைவி.

“கேட்கல, சம்பந்தி!” என்றார் மேஸ்திரி, கையைக் காதில் குவித்து. அவருக்கு உண்மையிலேயே கேட்கவில்லை.

பல் டாக்டர் இன்னும் கொஞ்சம் பலமாகச் சொன்னார். இஞ்சின் சத்தம் அதையும் விழுங்கியது.

“இன்னும் கொஞ்சம் சத்தமா!” இந்தத் தடவை கேட்டதா கேட்கவில்லையா என்பது மேஸ்திரிக்கு மட்டுமே வெளிச்சம்.

“அப்பா!” என்று மகள் பல்லைக் கடித்தாள்.

பல் டாக்டர் மூச்சை இழுத்துப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. சேறு காய்ந்த முகம் சிவந்தது. அவர் வாயைத் திறந்த அதே நொடியில், என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் புல்டோசர்க்காரர் இஞ்சினை அணைத்தார். ஊரே மூச்சை அடக்கிக்கொண்ட மாதிரியான அந்த அமைதியில் அவர் போட்ட கூப்பாடு தனியாகக் கிளம்பியது:

“மரம் துளிர்க்கிற சத்தம் கேட்டுச்சு! ‘டப்’புனுதான் கேட்டுச்சு! என் ரெண்டு காதாலயும் நான் கேட்டேன், போதுமா சம்பந்தி?”